குளிர்ந்த ரத்தமும் பச்சிளம் மூளையும்

பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு ஆக்சிஜன் தடைபட்டிருந்தால், மூளையின் நரம்பணுக்கள் அனைத்தும் அந்தக் கணமே மடிவதில்லை. ரத்த ஓட்டம் மீண்டபின் ஏறத்தாழ ஆறு மணி நேர அவகாசம் கிடைத்து, அதன் பிறகே இரண்டாம் கட்டச் சிதைவு தொடங்குகிறது. அந்த அவகாசத்துக்குள் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்த்தி 72 மணி நேரம் அங்கேயே நிறுத்திவைப்பதே குளிர்நிலைச் சிகிச்சை.

குளிர்ச்சியை மூளைக்குக் கொண்டுசேர்ப்பது ரத்தம்தான். வளர்ந்தவருக்குத் தொடைச் சிரை வழியே மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூன்களுக்குள் குளிர்ந்த உப்புநீரைச் சுழலவிடுகிறார்கள். உப்புநீர் ரத்தத்தோடு கலக்காமல் பலூன் சுவரின் வழியே வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. 60 கிலோ உடலை ஒரு டிகிரி தாழ்த்த, 600 கிராம் பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பத்துக்கு நிகரானதை வெளியேற்றியாக வேண்டும் என்பதால், பெரியவருக்கு இந்த உள்வழி பொருந்துகிறது. மூன்று கிலோ சிசுவுக்கோ, எடையோடு ஒப்பிடுகையில் தோல்பரப்பு மிக அதிகம். ஆகவே அதன் தோலே போதுமான வெப்பமாற்றியாகிவிடுகிறது.

இதைப் பயன்படுத்தியே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஒத்துழைப்போடு ப்ளஸ் என்ற இந்திய நிறுவனம் ‘மிராக்ரேடில்’ தொட்டிலை உருவாக்கியது. அதன் மெத்தையிலுள்ள பொருள், உடல் வெப்பத்தைவிடக் குறைந்த ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகுவது. உருகி முடியும்வரை அந்த வெப்பநிலையிலேயே நிற்பதால், தொடர் மின்சாரமோ விலையுயர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டியோ இல்லாமலே குழந்தை மெல்லக் குளிர்கிறது. மருத்துவமனைகளின் உண்மை நிலையை அறிந்து செய்யப்பட்ட அருமையான வடிவமைப்பு இது.

ஆனால் வெப்பநிலை சொன்ன இடத்தில் நின்றால் மட்டும் குழந்தை பிழைத்துவிடுமா? சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 சிசுக்களைச் சேர்த்த ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு, குழந்தையின் வெப்பநிலையை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும் நவீனக் கருவியைக் கொண்டு இதைச் சோதித்தது. 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான முடிவு அதிர வைத்தது: குளிரூட்டப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும், குளிரூட்டப்படாதவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். மேலைநாட்டு ஆய்வுகளோ நேரெதிராக, இதே சிகிச்சை உயிரிழப்பைக் குறைப்பதாகக் காட்டியிருந்தன.

பல குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைவு பிரசவத்துக்கு வெகு நேரம் முன்பே, விட்டுவிட்டு நிகழ்ந்திருக்கலாம் என்பதும், அப்படியானால் ஆறு மணி நேரக் கணக்கே பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை என்பதும் ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் முக்கியமானவை. விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் புதிய குளிரூட்டும் கருவி ஒன்றை மதிப்பிடும்போது, அது வரையும் வெப்பநிலைக் கோட்டின் நேர்த்தியை விட்டு, குழந்தை பதினெட்டாவது மாதத்தில் எப்படி இருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்வதுதான் நேர்மை. குளிரூட்டாத குழந்தைக்கும் வெப்பக் கண்காணிப்பு தேவை: காயமுற்ற மூளைக்குக் காய்ச்சல் கேடு என்பதால், கதிர்வெப்பத் தொட்டிலின் சூடு அளவு மீறிவிடாமல் செவிலியர் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.