காவல் நாயின் ஆகாரமும் பற்களின் நலமும்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த தா.பழூர் வட்டாரத்தில், நஞ்சை வயல்களும் அவற்றிற்கு வடக்கே ஜயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலங்களும் முந்திரித் தோப்புகளும் அடுத்தடுத்து உள்ளன. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடுவோரும், களத்து நெல்லைக் காப்போரும், தோப்பில் இரவு தங்குவோரும் நாயின் உதவியையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். மாட்டுக்குத் தீனியையும் ஆட்டுக்கு மருந்தையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் குடித்தனக்காரர்கள், நாய்க்கு மட்டும் மிஞ்சிய சோற்றைக் கொட்டிவிட்டு அதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கலப்பைக்குக் கொழு எப்படியோ அப்படியே நாய்க்குப் பல். பல் கெட்ட நாய் நன்றாகத் தின்னாது. தின்னாத நாய் காவல் காக்காது. ஆகையால் நாயின் ஆகாரத்திற்கும் அதன் பற்களுக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கே விவரிப்போம்.

பற்களின் அமைப்பு

நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரம் முதல் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை மொத்தம் 28. நான்காவது மாதத்திலிருந்து அவை விழுந்து, ஏழாவது மாதத்திற்குள் 42 நிலையான பற்கள் அமைந்துவிடும். மேல் தாடையில் 20, கீழ்த் தாடையில் 22. முன்னால் உள்ள சிறு பற்கள் கவ்வவும், நான்கு கோரைப்பற்கள் பிடிக்கவும், கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல் வெட்டவும் பயன்படுகின்றன. மனிதனைப் போல் ஆகாரத்தை அரைத்து மென்று விழுங்குவது நாயின் இயல்பன்று. வெட்டிக் கிழித்து விழுங்குவதே அதன் இயல்பு. பல்லுக்கு நேரும் கேடுகளை அறிய இந்த வேற்றுமை முக்கியமானது.

பல்லில் காரை படியும் விதம்

மனிதருக்குச் சாதாரணமாக வரும் சொத்தைப்பல் நாய்க்கு வருவது அபூர்வம். நாயின் உமிழ்நீர் நம்முடையதைக் காட்டிலும் காரத்தன்மை உடையது. மாவுப் பொருளை வாயிலேயே சர்க்கரையாக மாற்றும் சத்தும் அதில் அநேகமாக இல்லை. ஆகவே சொத்தையை உண்டாக்கும் புளிப்பு அதன் வாயில் எளிதில் சேர்வதில்லை. ஆனால் அந்தக் காரத்தன்மையே வேறொரு தீங்குக்கு இடம் கொடுக்கிறது. தின்ற சில மணி நேரத்திற்குள் பல்லின்மேல் கிருமிகள் நிறைந்த வழவழப்பான படலம் ஒன்று படிகிறது. அதைத் துடைத்து நீக்காவிட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் அதில் இறங்கி, இரண்டு மூன்று நாட்களில் அது கல்லைப் போல் இறுகத் தொடங்கும். இதுவே பற்காரை. உமிழ்நீர்க் குழாய் ஒன்று மேல்வாயின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறப்பதால், அந்தப் பல்லின் வெளிப்புறத்தில்தான் காரை முதலில் பழுப்பு நிறமாகக் காணப்படும்.

காரையின் ஓரத்தில் ஈறு சிவந்து வீங்குகிறது. பிறகு பல்லை விட்டு விலகுகிறது. அந்த இடுக்கில் கிருமிகள் பெருகிப் பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடுகின்றன. சிறிய உருவமுள்ள நாய்களுக்கு இது சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும்.

சோறு மட்டும் போதுமா?

நாய் மாமிசப் பிராணியாதலால் அதற்குச் சோறே ஆகாது என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியன்று. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாவுப் பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதையும், மனிதனோடு கூடி வாழ்ந்ததால் அதன் மரபணுவிலேயே இம்மாறுதல் ஏற்பட்டது என்பதையும் 2013-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே சோறு நாய்க்கு ஆகும். சோறு மட்டும் என்பதே ஆகாது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, குழைந்த சோறும் கஞ்சியும் பல்லில் உராய்வதில்லை; படலத்தைத் தேய்த்து நீக்கும் வேலை நடப்பதே இல்லை. இரண்டாவது, சோற்றில் சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைவு. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான் உண்டு. பாஸ்பரஸோ அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. எலும்பில்லாத மாமிசத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். ஆகவே சோற்றோடு கறியை மட்டும் சேர்ப்பதால் இக்குறை தீராது. நாயின் ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்கவேண்டும். அவ்வாறு இல்லாதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் கொள்ளுகிறது. அதில் தாடை எலும்பு மிகவும் பாதிக்கப்படும். தாடை மென்மையாகிப் பற்கள் ஆட்டம் காணும்.

குட்டிகளின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 1918-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் மே மெல்லன்பி என்னும் அம்மையார் நாய்க்குட்டிகளுக்குப் பலவகை ஆகாரம் கொடுத்துப் பரிசோதித்து, ஆகாரக் குறையினால் பற்கள் தாமதமாகவும் கோணலாகவும் எனாமல் குறைந்தும் முளைப்பதைக் காட்டினார். அக்குறையை நீக்கிய பொருள் மீனெண்ணெயில் உள்ள வைட்டமின் டி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மனிதருக்கு வெயிலால் கிடைக்கும் இச்சத்து நாய்க்கு வெயிலால் போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆகாரத்தின் மூலமே கிடைக்கவேண்டும். மேலும், குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் என்னும் நோய் கண்டு பிழைத்த நாய்க்கு நிலையான பற்களில் எனாமல் குழிந்து காணப்படுவதுண்டு. அதற்குத் தடுப்பூசியே வழி.

கொடுக்கத் தக்கவை

நம் குடித்தனங்களில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இக்குறைகளை நீக்கலாம்.

1. வாரத்தில் சில நாட்கள் சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களி கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது முழுவதும் உடம்பில் சேராவிடினும் அரிசியைவிட மேலானதே.

2. முட்டை ஓட்டை நன்றாகக் கொதிக்க வைத்து உலர்த்தி, மாவாக இடித்து வைத்துக்கொள்ளலாம். அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்தாகும். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்குத் தினம் அரைத் தேக்கரண்டி போதும். குட்டிகளுக்கு அளவு மீறினால் எலும்பு வளர்ச்சி கெடும். ஆகையால் அவற்றிற்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

3. கொள்ளிடத்திலும் ஏரியிலும் கிடைக்கும் பொடி மீன்களை முள் மசியும்வரை வேகவைத்துக் கொடுப்பது சுண்ணாம்புக்கும் புரதத்திற்கும் நல்லது. உப்பு மிகுந்த கருவாடு வேண்டாம். வேகவைத்த முட்டையும் உதவும்.

4. ஆட்டின் மூச்சுக்குழல் போன்ற குருத்தெலும்புப் பாகங்களை வேகவைத்து, ஒரே விழுங்கில் போகாத பெருந்துண்டாக, எதிரில் நின்றுகொண்டு கொடுக்கலாம். நாய் அதைக் கடித்து இழுக்கும்போது பல் உராயப் பெறும்.

5. வெல்லம், மிட்டாய், பிஸ்கோத்து முதலியவற்றைப் பழக்கக் கூடாது. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு பல்லுக்கன்றி இரத்தத்திற்கே தீங்கு.

எலும்பைப் பற்றிய எச்சரிக்கை

நாய்க்கு எலும்பு போட்டால் பல் சுத்தமாகும் என்பது பழைய நம்பிக்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பச்சை மாட்டெலும்பைக் கடித்த நாய்களின் பற்காரை சில நாட்களில் வெகுவாகக் குறைந்ததாகப் பிரேசில் நாட்டில் செய்து 2016-ஆம் வருஷத்தில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று காட்டிற்று. ஆனால் நன்மையோடு தீமையும் கூடவே வருகிறது. மிகவும் கடினமான எலும்பைக் கடிக்கும் நாயின் மேல் கடைவாய்ப் பல் சீவினாற்போல் பிளந்துபோகும். வேகவைத்த எலும்போ கூரிய சிம்புகளாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கோழி எலும்பு இதில் மிகவும் பொல்லாதது. கல்லைக் கவ்வி விளையாடுவதும், கட்டிய சங்கிலியைக் கடிப்பதும் பல்லைத் தேய்த்துவிடும்.

இவற்றிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் காணப்படும். அவற்றைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் சிறிய நாடாப்புழுக்கள் வளருகின்றன. அவற்றின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டு, மனிதன் வயிற்றில் புகுந்தால், அவனுடைய ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டிகள் உண்டாகும். ஆகவே ஆடு அறுக்கும் இடத்தில் கழிவுகளை நாய்களுக்கு எறியாமல் ஆழப் புதைக்கச் செய்வது கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் கவனிக்கவேண்டிய காரியம். கிடை நாய்களுக்குக் காலந்தவறாமல் புழு மருந்தும் கொடுக்கவேண்டும்.

நோயின் அடையாளங்கள்

வாயில் துர்நாற்றம், ஒரு பக்கமாகவே தின்னுதல், கவ்விய ஆகாரத்தைக் கீழே போடுதல், ஈறில் இரத்தம் கசிதல் ஆகியவை பல் நோயின் குறிகள். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி உடைந்து, ஆறி, மீண்டும் வீங்குவதைக் குளவி கொட்டியது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்ததேயாகும். பல்லுக்குச் சிகிச்சை செய்தாலன்றிப் புண் ஆறாது. இறுகிய காரையைக் கத்தியாலோ ஆணியாலோ பெயர்க்க முயலக் கூடாது. எனாமலும் ஈறும் கெடும். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தே அதை எடுக்கவேண்டும். காரை சேராமல் காப்பதற்குக் குட்டிப் பருவம் முதல், ஈரமான மெல்லிய துணியைக் கொண்டு தினமும் பல்லின் வெளிப்புறத்தைத் துடைக்கப் பழக்குவதே சிறந்த உபாயம். மனிதர் உபயோகிக்கும் பற்பசை கூடாது. நாய் அதை விழுங்கிவிடும்.

வாயில் கை வைக்குமுன்

இறுதியாக ஒன்றை எல்லோரும் மனத்தில் வைக்கவேண்டும். நாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நின்று, தின்னவும் குடிக்கவும் முடியாமல், குரல் மாறிக் காணப்பட்டால், எலும்பு சிக்கியதென்று எண்ணித் தொண்டைக்குள் விரலை விடுவது வழக்கம். வெறிநோயின் ஒரு வகையிலும் தாடை தொங்கி இதே தோற்றம் உண்டாகும். அந்த வகையில் நாய் கடிக்காமல் சாதுவாகவே இருக்கும். ஆனால் அதன் எச்சில் விரற்கீறலில் பட்டாலே போதும். மனிதனுக்கு நோய் வெளிப்பட்ட பின் மரணம் பெரும்பாலும் நிச்சயம். ஆகையால் அத்தகைய நாயைத் தொடாமல் அடைத்து வைத்து, மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கைபட்டுவிட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். காவல் நாய்க்கு வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வைத்தால் இந்த அச்சம் பெரும்பாலும் நீங்கும்.

அளவறிந்த ஆகாரமும், கொஞ்சம் கவனிப்பும், காலத்தில் மருத்துவமும் இருந்தால், நாயின் பற்கள் அதன் ஆயுள் உள்ளவரை உதவும். தோப்பும் கிடையும் காவலோடு இருக்கும்.