அடி தெரிகிறது, ஆட்டம் தெரிகிறதா?

குத்துச்சண்டையைப் பார்ப்பதற்குக் கண் இருந்தால் போதாதா, அதற்கும் ஒரு படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இருவர் மோதுகிறார்கள். ஒருவர் விழுகிறார். மற்றவரின் கையை நடுவர் உயர்த்திப் பிடிக்கிறார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 12 சுற்றுகளும் முடிந்து, இருவருமே விழாமல் நின்று, நீதிபதிகள் மூவரும் மூன்று விதமாகப் புள்ளி கொடுக்கும்போதுதான் ரசிகரின் அறிவு எவ்வளவு என்பது வெளிப்படும். ஒருவர் "ஏமாற்று" என்பார். இன்னொருவர் "சரிதான்" என்பார். ஏன் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இருக்காது.

பேரா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரம் வெட்டுவதை முதன்முறையாகப் பார்ப்பவருக்குக் கத்தி இறங்குவதும் பால் வடிவதும் மட்டுமே தெரியும். பழகிய கண் பாலைப் பார்க்காது, வெட்டின் ஆழத்தைப் பார்க்கும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம் பட்டு, மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அந்தக் கண் ஒரே நாளில் வந்ததன்று. தாயோடும் தந்தையோடும் விடியற்காலையில் நிரைக்குப் போய், பார்த்து, கேட்டு, திட்டு வாங்கி வந்தது. குத்துச்சண்டையைப் பார்க்கும் கண்ணும் அப்படித்தான் வளர்கிறது.

கேட்டு வந்த அறிவு

கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்த திருவள்ளுவர், கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். ஏட்டில் படிக்காதவனும் அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட வழி. தோட்டப்புறத்து விளையாட்டு ரசனை பெரும்பாலும் இந்தக் கேள்வி அறிவால்தான் வளர்ந்தது.

ஈப்போ நகருக்கு இந்த விளையாட்டு புதிதன்று. கேளிக்கைப் பூங்காக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஈப்போவின் ஜூப்ளி பூங்காவில் ஆடலும் பாடலும் மட்டுமின்றிக் குத்துச்சண்டையும் மல்யுத்தமும்கூட நடந்தன. நேரில் பார்க்க முடியாதவர்களுக்கு வானொலியும் நாளிதழும் இருந்தன. நாளிதழை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். கேட்ட பத்துப் பேரும் பத்து விதமாக வாதிடுவார்கள்.

அந்த வாதத்தில்தான் பாடம் இருந்தது. "யார் ஜெயித்தது?" என்று இளைஞன் கேட்பான். கோப்பிக் கடை மூலையில் இருக்கும் பெரியவரோ, "ஜெயிச்சத விடு தம்பி, எப்படி ஜெயிச்சான், அத சொல்லு" என்பார். முதல் கேள்விக்கு நாளிதழின் தலைப்பே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்தைக் கவனித்திருக்க வேண்டும். ரசிகன் தேர்ந்தவனாவது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முதல் படி: விழுவதைப் பார்ப்பது

எல்லா ரசிகர்களும் தொடங்குமிடம் நாக்-அவுட்தான். அதில் தவறில்லை. 2018 ஜூலை 15ஆம் தேதி கோலாலம்பூரில் மேனி பாக்கியாவ், அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்தீஸேயை 7ஆவது சுற்றில் வீழ்த்தியபோது அரங்கமே எழுந்து நின்றது. அப்போது பாக்கியாவுக்கு வயது 39. புதிய ரசிகரின் மனத்தில் தங்குவது அந்தக் கடைசி அடி மட்டுமே.

பழகியவர் ஆட்டத்தைப் பின்னோக்கிப் படிக்கிறார். மத்தீஸே 3ஆவது சுற்றிலும் விழுந்தார், 5ஆவது சுற்றிலும் முழங்காலிட்டார். பாக்கியாவ் இடக்கையர். அவருடைய பலமான கை எதிரிக்குப் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து வருகிறது. அதைத் தடுக்கும் வழியை மத்தீஸே கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. எனவே 7ஆவது சுற்றில் நடந்தது திடீர் விபத்தன்று. 3ஆவது சுற்றிலேயே தொடங்கிய கதையின் முடிவு. இப்படிப் பார்க்கத் தொடங்கியவர் முதல் படியைக் கடந்துவிட்டார்.

இரண்டாம் படி: காலைப் பார்ப்பது

அடுத்ததாக ரசிகர் குத்துகளைப் பிரித்து அறிகிறார். முன்கையால் சட்டென்று நீட்டிக் குத்துவது ஜாப். பின்கையால் நேராக விடுவது கிராஸ். பக்கவாட்டில் வளைந்து வருவது ஹுக். கீழிருந்து தாடையை நோக்கி எழுவது அப்பர்கட். பெயர்களை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். ஒவ்வொன்றும் எதற்காக விடப்படுகிறது என்பதை அறியத்தான் பல ஆண்டுகள் ஆகும்.

உதாரணமாக, ஜாப் பார்ப்பதற்கு வலுவில்லாத குத்துபோல் தெரியும். ஆனால் தூரத்தை அளப்பதும், எதிரியின் பார்வையை மறைப்பதும், அடுத்து வரும் பெரிய குத்துக்கு வழி திறப்பதும் அதுவே. விலா எலும்புக்குக் கீழே விழும் குத்துக்குக் கூட்டம் கைதட்டாது. ஆனால் 3ஆவது சுற்றில் வாங்கிய அந்த அடிகள் 9ஆவது சுற்றில் கால்களைக் கட்டிப் போடும்.

ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் முகத்தைவிடக் காலைப் பார்க்கிறார்கள். கால் சரியான இடத்தில் இல்லாவிட்டால் குத்தில் பலம் இருக்காது. தப்பிக்கவும் வழி இருக்காது. குத்துச்சண்டையைக் கை விளையாட்டு என்று நினைப்பவர் தொடக்கநிலை ரசிகர். அது காலில் தொடங்கும் விளையாட்டு என்று அறிந்தவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மூன்றாம் படி: புள்ளி போடத் தெரிவது

தொழில்முறை ஆட்டத்தில் ஒரு சுற்று 3 நிமிடம். இடையில் 1 நிமிட ஓய்வு. சுற்றை வென்றவருக்கு 10 புள்ளிகள், தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒருமுறை கீழே விழுந்தால் வழக்கமாக 8. நீதிபதிகள் கவனிப்பவை நான்கு: தெளிவாகவும் வலுவாகவும் விழுந்த குத்துகள், பயன் தரும் முன்னேற்றம், ஆட்டத்தைத் தன் விருப்பப்படி நடத்தும் திறன், தற்காப்பு.

இங்கே "பயன் தரும்" என்ற சொல் முக்கியம். முன்னால் முன்னால் போகிறவர் வீரர், பின்வாங்குபவர் கோழை என்று எண்ணுவது எளிது. முன்னால் போய் அடி வாங்குவதற்குப் புள்ளி கிடையாது. பின்வாங்கிக்கொண்டே குத்துகிறவர் அந்தச் சுற்றை வெல்லலாம்.

எல்லாம் தெரிந்த நீதிபதிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 1987 ஏப்ரல் 6ஆம் தேதி ஷுகர் ரே லியோனார்டும் மார்வின் ஹாக்லரும் மோதினார்கள். ஒரு நீதிபதி 115-113 என்று ஹாக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113ஐ லியோனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவரோ 118-110 என்று லியோனார்டுக்கு அள்ளிக் கொடுத்தார். லியோனார்டு வென்றார். விவாதம் இன்றும் ஓயவில்லை. இத்தகைய ஆட்டத்தைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து தானே புள்ளி போட்டுப் பார்த்தவர், பிறகு எந்த நீதிபதியையும் அவசரப்பட்டுத் திட்டமாட்டார்.

கோலாலம்பூரும் மணிலாவும்

இந்த மூன்று படிகளோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நான்காவதாக ஒரு படி இருக்கிறது. அதை விளக்க, சில மாத இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டம் 1975 ஜூலை 1ஆம் தேதி, ஈப்போவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. உலக ஹெவிவெயிட் வெற்றியாளர் முகமது அலியும் ஜோ பக்னரும் நம் நாட்டின் வெயிலில் 15 சுற்றுகள் ஆடினர். அலி புள்ளி அடிப்படையில் வென்றார். நாக்-அவுட் இல்லை. பக்னர் தற்காப்பிலேயே நின்றார் என்ற குறையும் எழுந்தது. பலருக்கு அது சப்பென்று முடிந்த ஆட்டம்.

இரண்டாவது ஆட்டம் அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மணிலாவில் நடந்தது. அலிக்கு எதிரே நின்றவர் ஜோ பிரேசியர். இருவரும் 14 சுற்றுகள் ஒருவரை ஒருவர் விடாமல் அடித்துக்கொண்டார்கள். பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் முன், அவர் ஆட விரும்பியும் பயிற்சியாளர் எடி ஃபட்ச் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். குத்துச்சண்டை வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இதை உலகம் கொண்டாடுகிறது.

இப்போது கேள்வி: எது நல்ல ஆட்டம்? கைதட்டலை வைத்துப் பார்த்தால் மணிலா. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? தலையில் விழும் அடிகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகின்றன. அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த ஆட்டத்திற்குப் பிறகு, ஓய்வு பெறும்படி வற்புறுத்தியும் பயனில்லாததால் அணியை விட்டு விலகினார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி அடி வாங்கிக்கொண்டே நின்றதை உலகம் பார்த்தது. 10ஆவது சுற்றுக்குப் பின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. 2016 ஜூன் 3ஆம் தேதி காலமாகும்வரை அந்த நோயோடுதான் அவர் வாழ்ந்தார்.

1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியுடன் ஆடி 14ஆவது சுற்றில் வீழ்ந்தார். சில நாள்களில் உயிரிழந்தார். உலகப் பட்டத்துக்கான ஆட்டங்கள் 15 சுற்றுகளிலிருந்து 12ஆகக் குறைந்ததற்கு அந்த மரணம் முக்கியக் காரணம்.

நான்காம் படி இதுதான்: எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அறிவது. வீரரின் கால் தடுமாறுகிறது, கை தாழ்கிறது, பதில் குத்து வரவில்லை. இவற்றைக் கண்டவுடன் "நிறுத்துங்கள்" என்று மனம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மூலையிலிருந்து துண்டு வீசும் பயிற்சியாளரைக் கோழை என்று ஏசுபவர் எத்தனை ஆட்டம் பார்த்திருந்தாலும் தேர்ந்த ரசிகர் ஆகமாட்டார். ஆழமாக வெட்டினால் பால் அதிகம் வரும் என்பது உண்மைதான். மரத்தைப் பற்றிக் கவலைப்படாதவன்தான் அப்படி வெட்டுவான்.

திரை இருக்கிறது, பெரியவர் இல்லை

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயத்து வீடுகளை விட்டு மக்கள் புந்தோங், சுங்கை சிப்புட் எனப் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கும், வேலை தேடிக் கோலாலம்பூர், சிங்கப்பூர் வரையிலும் போய்விட்டார்கள். ஒரே திண்ணையில் பாட்டனும் பேரனும் உட்கார்ந்து விளையாட்டைப் பேசிய பழக்கமும் அவர்களோடு சிதறிவிட்டது.

இன்றைய இளைஞரின் கைப்பேசியில் நூறு ஆண்டு ஆட்டங்கள் கிடைக்கின்றன. அவர் பார்ப்பதோ பெரும்பாலும் அரை நிமிட நாக்-அவுட் துணுக்குகளை. 36 நிமிட ஆட்டத்தில் 35 நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது அடி மட்டுமே, ஆட்டம் அன்று. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வந்தபோது, வடசென்னையில் பரம்பரை பரம்பரையாக இந்தக் கலை வளர்ந்ததைத் தமிழர் பலர் முதன்முறையாக அறிந்து வியந்தார்கள். பரம்பரை என்பது ஆடுபவருக்கு மட்டும் உரியதன்று. பார்ப்பவருக்கும் பரம்பரை உண்டு.

அதை மீட்க நான்கு எளிய பழக்கங்கள் போதும். ஒன்று, ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது. இரண்டு, வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டுத் தாளில் தானே புள்ளி போடுவது. மூன்று, ஒரே வீரரை வெவ்வேறு பாணி எதிரிகளோடு பார்ப்பது. நான்கு, முகத்துக்கு நேராகக் கைகளை உயர்த்தி மூன்று நிமிடம் அசைந்துகொண்டே நிற்பது. தோள் எரியத் தொடங்கும்போதுதான், மேடையில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பது உடம்புக்குப் புரியும்.

இவற்றோடு வீட்டிலுள்ள பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. "எப்படி ஜெயித்தான்?" என்று அவர்கள் கேட்கட்டும். "எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். மேடையில் இருவர் தங்கள் உடலைப் பணயம் வைத்து ஆடுகிறார்கள். அதைப் பார்த்து மகிழ்பவர்கள், பார்க்கும் கண்ணையாவது வளர்த்துக்கொள்வது அவர்களுக்குச் செலுத்தும் மரியாதை.