தோகை வாடாச் சோளமும் மரபணு அடையாளமும்

சமயநல்லூர் முதலிய மதுரைச் சமவெளிக் கிராமங்களில் புரட்டாசியில் மானாவாரியாக விதைக்கப்படும் சோளம், பெரும்பாலும் மழை ஓய்ந்த பின்னரே மணி முற்றுகின்றது. அச்சமயம் நிலத்தில் ஈரம் குன்றுமாயின் கீழ்த்தோகை தொடங்கி யாவும் காய்ந்துவிடும். மணி சிறுக்கும், தாள் சாயும், தட்டையும் சத்தற்ற சருகாகும். இவ்வாறு ஒரே காய்ச்சலில் தானியமும் தீவனமும் நஷ்டமாகின்றன.

சில சோளங்கள் மாத்திரம் அவ்வறட்சியிலும் தோகையைப் பசுமையாக வைத்திருக்கும். அவை பூக்குமுன் பக்கத்தூர்களையும் தோகைகளையும் அளவாகவே விடுவதால், மண்ணின் ஈரம் மணி பிடிக்கும் காலத்திற்கு மிஞ்சுகின்றது. இவற்றுள் பேர்பெற்றது எத்தியோப்பிய நாட்டுச் சோளத்தினின்று பெறப்பட்ட பி-35 என்பதாம். சோளத்தின் பத்து ஜோடிக் குரோமோசோம்களில், 3-ஆவதில் இரண்டும், 2-ஆவதிலும் 5-ஆவதிலும் ஒவ்வொன்றுமாக நான்கு முக்கிய பகுதிகள் இக்குணத்தைத் தருவதாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், மரபணு அடையாளங்களின் துணையால் இப்பகுதிகளை வேறு சோளங்களுக்கு மாற்றியுள்ளனர்.

அடையாளம் என்பது குணமன்று. குணத்தைத் தரும் பகுதிக்கு அருகில் நின்று, அதனுடன் தலைமுறைதோறும் செல்லும் குறியாகும். சலவைத்துணியில் இடும் குறி துணி இன்னாருடையது எனக் காட்டுவது போல்வது. நாற்றுப் பருவத்தில் ஒரு துண்டுத் தோகையைச் சோதித்தே செடியைக் கழிக்கலாம் அல்லது வைத்துக்கொள்ளலாம்.

கண்ணால் தேர்வது போதாதோ எனின், கண் ஏமாறுவதுண்டு. மழை மிகுந்த ஆண்டில் எல்லாச் சோளமும் பசுமையாகவே நிற்கும். மணி பிடியாத கதிருடைய செடியும், சத்துச் செலவாகாமையால், வாடாது நிற்கும். அதனை விதைக்கு வைப்பவர் பதரையே பெருக்குவார்.

ஆதலின் சொந்த விதை வைப்போர், பூத்து மூன்று வாரமான பின், வரப்போரம் நீங்கலாக நடுவயலில், மணி நிறைந்த கதிரும் பசுந்தோகையும் ஒருங்கே உடைய செடிகளுக்கு நூல் கட்டி, அவற்றைத் தனியே அறுத்து வைத்தல் நலம். வீரிய ஒட்டு ரகங்களுக்கு இம்முறை பொருந்தாது. வறட்சி ஆண்டில் பிழைத்து நின்ற நாட்டுச்சோளம் கிராம அதிகாரிகள் கண்ணிற்பட்டால், வேளாண்மை அலுவலருக்கு அறிவிப்பது பயன்தரும். ஆராய்ச்சிசாலையின் அடையாளமும் இத்தகைய வயலொன்றிலிருந்தே பிறக்கின்றது.