சாண எரிவாயுக் கலனை எடைபோடும் முறை

மாட்டுச் சாணத்தை நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலனுக்குள் விட்டால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைத்து, மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த எரிவாயுவை வெளியிடுகின்றன. இவ்வுயிரிகள் 35 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் விறுவிறுப்பாகவும் 15 பாகைக்குக் கீழே மிக மந்தமாகவும் இயங்குவதால், குளிர்நாடுகளில் விளையும் ஆற்றலில் ஒரு பங்கு கலனைச் சூடேற்றவே செலவாகிறது. மதுரைச் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியிருப்பதாலும், ஆழத்து மண்ணின் சூடு அந்தச் சராசரியிலிருந்து பெரிதும் விலகாததாலும், மேலூரிலோ வாடிப்பட்டியிலோ தொழுவத்தருகே மண்ணில் புதைத்துக் கட்டிய கலனுக்கு அச்செலவு இல்லை.

இந்தச் சூட்டின் பயன், கரைசல் கலனுக்குள் இருந்தாக வேண்டிய நாட்களில், அதாவது தங்குகாலத்தில், வெளிப்படுகிறது. இந்தியக் கலன்களின் வடிவமைப்பில் தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிக்கு 30 நாளும், மிதமான பகுதிக்கு 40 நாளும், குளிர்ப்பகுதிக்கு 55 நாளும் தங்குகாலமாகக் கொள்ளப்படுகின்றன. நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் தேவை என்பதால், கரைசல் மட்டும் இங்கே 3 கன மீட்டர் இடத்தில் அடங்க, மலைநாட்டில் அதற்கு 5.5 கன மீட்டர் வேண்டியிருக்கும். கூடுதல் வாயு வேண்டுமென்று அன்றாடம் ஒன்றரை மடங்கு கரைசலை ஊற்றினால், தங்குகாலம் 20 நாளாகச் சுருங்குகிறது. மொத்த வாயு சற்றுக் கூடினாலும் கிலோ சாணத்துக்குக் கிடைப்பது குறைந்து, பாதி செரித்த சாணமே வெளிவாயில் வழியே வழிகிறது. கோடையில் தண்ணீரைச் சுருக்கிக் கரைசலைக் கெட்டியாக்கினாலோ, மேலே ஆடை படிந்து வாயு எழும்பும் வழி அடைபடுகிறது. இப்பகுதியில் கலன் சோடைபோனால் வெயிலைக் குறைசொல்ல இடமில்லை. ஊட்டும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கலனில் வாயு சேரச்சேர மேலெழும் மிதக்கும் இரும்பு மூடி எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுவது எளிது, ஆனால் ஏமாற்றக்கூடியது. சூட்டில் வாயு விரிவதோடு நீராவியும் அதில் கலந்துகொள்வதால், நீராவி நிறைந்த 1000 லிட்டர் வாயு, 25 பாகையில் அளந்தால் சுமார் 890 லிட்டர் உலர் வாயுவுக்கும், சித்திரை நண்பகலில் 40 பாகையில் அளந்தால் சுமார் 810 லிட்டருக்கும்தான் ஈடாகிறது; இங்கே உலர் வாயு என்பது 0 பாகைக்குத் திருத்திய அளவு. எனவே அளவைத் தினமும் விடியலில் எடுப்பதோடு, உள்ளே போகும் கரைசலையும் வெளியேறும் கரைசலையும் ஆய்வகத்தில் 105 பாகையில் உலர்த்தி, பின் 550 பாகையில் எரித்து, எரிந்துபோகும் பங்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டால், நுண்ணுயிரிகள் உண்மையில் செரித்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.