கரையாத காசு

குடியை விட்டவர் சிலரின் சட்டைப்பையில் வட்டமாக ஒரு வில்லை கிடக்கும். எந்தக் கடையிலும் செல்லாது, அடகுக்கும் போகாது. "குடிக்கத் தோன்றினால் இதை நாக்கில் வை, கரைந்துவிட்டால் போய்க் குடி" என்பது அமெரிக்கக் குடிமீட்புக் குழுக்களில் வழங்கும் பழைய வேடிக்கை. அந்த வேடிக்கைக்குள் கொஞ்சம் வைத்தியமும் இருக்கிறது.

அக்ரானில் ஒரு நிபந்தனை

1935இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரான் நகரில், குடிநோயில் சிக்கிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அதே ஊரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளைக் கவனித்துவந்த சிஸ்டர் இக்னேஷியா, வீடு திரும்புவோரிடம் இயேசுவின் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதானால், அதற்கு முன் சின்னத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். இன்றைய வில்லைக்கு இதையே முன்னோடி என்பார்கள்.

எந்த நாளுக்கு எது?

குடிக்காத நாட்களைக் குறிக்கும் வில்லையின் நிறம் குழுவுக்குக் குழு மாறும். பல குழுக்களில் முதல் 24 மணி நேரத்துக்கு வெள்ளை. பிறகு 30, 60, 90 நாட்களுக்கு வெவ்வேறு நிறங்கள். ஓராண்டு நிறைந்தால் பெரும்பாலும் வெண்கலப் பதக்கம். முதல் வில்லைக்கு மட்டும் எந்தத் தகுதியும் வேண்டாம். நேற்று இரவு குடித்தவராக இருந்தாலும், எழுந்து வந்து கை நீட்டினால் போதும்.

கிடைப்பது அவகாசம்

குடிக்கும் வேட்கை அலைபோல எழும். உச்சிக்குப் போய்த் தானே தணியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் பாடு. பாட்டிலுக்குப் பணம் எடுக்கப் பைக்குள் போன விரலில் முதலில் தட்டுப்படுவது வில்லை. கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் ஒரு நண்பருக்குப் போன் செய்யலாம், ஒரு டீ குடிக்கலாம், வந்த வழியே திரும்பி நடக்கலாம்.

சறுக்கினால்?

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போல, குடிநோயும் திரும்பத் தலைதூக்கக்கூடியது. சறுக்கியவர் மீண்டும் வெள்ளை வில்லையிலிருந்து தொடங்குகிறார். எண்ணிக்கைதான் பூஜ்யமாகிறது. எந்த வேளை, எந்தக் கூட்டாளி, எந்தச் சண்டை தன்னைக் கடைக்கு இழுத்தது என்ற பாடம் கையில் இருக்கிறது. "நீயாவது திருந்துவதாவது" என்ற வீட்டாரின் ஒரு சொல், அடுத்த முயற்சியையே முறித்துவிடலாம்.

வில்லை மருந்தல்ல

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சித்தக் குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நிறுத்தும் முன் மருத்துவரைப் பாருங்கள். வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்ஃபிரம் மாத்திரையை மட்டும் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள்; மேலே மது சேர்ந்தால் உயிரே போகலாம்.

ஆலோசனைக்கு 14416 அல்லது 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். ஏ.ஏ. கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழியட்டும். வெள்ளை வில்லையின் கணக்கை அங்கிருந்தே தொடங்கலாம்.