சதுர அடிக்கு 446 ரூபாய்: தலித் குடும்பத்தின் வீடும் அரசின் கணக்கும்

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதம மந்திரி ஊரகக் குடியிருப்புத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டபோது, சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கான உதவித்தொகை 1,20,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மலைப்பகுதிகளுக்கு 1,30,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்து 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் வழங்கியது. உதவித்தொகை மட்டும் அதே 1,20,000 ரூபாயில் நின்றுவிட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் சிமெண்ட், கம்பி, செங்கல், மணல், கொத்தனார் கூலி ஆகியவற்றுள் எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

வீடு கட்டும் செலவு எல்லோருக்கும்தானே உயர்ந்துள்ளது, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தேசிய அளவில் இத்திட்டத்தின் இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே உறைந்து நிற்கும் இந்தத் தொகையின் பெரும்பங்குச் சுமையைத் தாங்குவோர் யார் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. அதற்கும் அப்பால், ஒரே சிமெண்ட் மூட்டை ஊர்த் தெருவில் இறங்குவதற்கும் சேரியில் இறங்குவதற்கும் விலை வேறாகிறது. அதைப் பின்னர் காண்போம்.

முதலில் கணக்கு. இத்திட்டத்தின்படி வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 1,20,000 ரூபாயை இதனால் வகுத்தால் சதுர அடிக்கு 446 ரூபாய் வருகிறது. இந்த 1,20,000 ரூபாயில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 72,000 ரூபாய் மட்டுமே. தமிழ்நாடு அரசு தன் பங்கான 48,000 ரூபாயுடன் கான்கிரீட் கூரைக்கென மேலும் 1,20,000 ரூபாய் சேர்த்து வழங்குகிறது. மொத்தம் 2,40,000 ரூபாய். சதுர அடிக்கு 892 ரூபாய். பிரதமரின் பெயர் தாங்கிய வீட்டுக்கு மாநிலம் 1,68,000 ரூபாய் தருகிறது என்பதை இங்கு பதிவு செய்தாக வேண்டும். 2024இல் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். சதுர அடிக்கு 972 ரூபாய். நாம் சட்ட உதவி வழங்கும் குடும்பங்கள் கொண்டுவரும் மேஸ்திரியின் மதிப்பீட்டுத் தாள்களில், பொருளும் கூலியும் சேர்த்து, சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்த தொகையைக் காண்பது அரிதாகிவிட்டது. அந்த விலையில் 360 சதுர அடிக்கு 7,20,000 ரூபாய் ஆகும். அரசு தருவது அதில் பாதிகூட இல்லை.

விலையேற்றம் தானாக நிகழ்ந்த இயற்கைச் சீற்றம் அன்று. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிமெண்ட் 28 விழுக்காடு என்னும் உச்ச அடுக்கில் வைக்கப்பட்டது. ஆடம்பரக் கார்களுக்கு உரிய அடுக்கு அது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 விழுக்காடாகக் குறைந்தது. கம்பிக்கு 18 விழுக்காடு. செங்கல்லுக்கு இருந்த 5 விழுக்காடு 2022 ஏப்ரலில் 12 ஆக உயர்த்தப்பட்டது. உள்ளீட்டு வரி வரவு கோராத சூளைகளுக்கு 6. குடிசையிலிருந்து வெளியேற ஒரு கையால் கொடுக்கப்பட்ட உதவியின் ஒரு பகுதியை, எட்டு ஆண்டுகளாக மறு கை வரியாக எடுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

மணலின் கதை வேறு. ஆற்று மணல் குவாரிகளை 2003இல் மாநில அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஆறுகள் சுரண்டப்பட்டு, நீதிமன்றத் தடைகள் வந்து, கட்டுமானம் எம்-சாண்டை நம்பி நிற்கும் நிலை உருவானது. ஆறு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கனிமங்கள் மீது வரி விதிக்கும் மாநிலங்களின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் உறுதிசெய்த பின், தமிழ்நாட்டில் கனிமம் தாங்கிய நிலங்களுக்கான வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. உரிமையாளர்களுக்கு அமைச்சரைச் சந்திக்கச் சங்கம் இருந்தது. லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீட்டின் சொந்தக்காரருக்கு அப்படியொரு சங்கம் இல்லை.

இனி, சேரிக்கே உரிய கூடுதல் செலவுகளைப் பார்ப்போம். ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வழங்கப்பட்ட மனைகளில் பல, ஊருக்குப் புறத்தே, ஏரிக்கு உள்வாயிலோ வயலுக்கு நடுவிலோ தாழ்ந்த நிலத்தில் அமைந்தவை. கடைக்கால் எடுப்பதற்கு முன்பே பல டிராக்டர் கிராவல் கொட்டி மேடாக்க வேண்டும். அந்தச் செலவுக்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஒரு வரிகூட இல்லை. ஊர்த் தெரு வழியாக லாரி வரக்கூடாது எனத் தடுக்கும் ஊர்களில், செங்கல்லும் ஜல்லியும் சாலையோரம் இறக்கப்பட்டுத் தலைச்சுமையாகச் செல்கின்றன. அந்தக் கூலி வேறு. பொதுப்பாதையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)வின்படி குற்றம். ஒப்படைக்கப்பட்ட மனையை ஆக்கிரமிப்பது 3(1)(எஃப்)இன்படி குற்றம். எனினும் காவல் நிலையங்களில் இவை 'பாதைத் தகராறு' என்றும் 'சிவில் பிரச்சினை' என்றும் மனு ரசீதோடு முடிகின்றன. ('காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். சொல் நீங்கிய இடத்திற்கு லாரி போகுமா என்பதையும் யாரேனும் கேட்க வேண்டும்.)

பணம் வரும் முறையும் செலவைப் பெருக்குகிறது. உதவித்தொகை மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, நிறைவு என்று ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துப் புகைப்படம் பதிவேற்றிய பிறகே அதற்குரிய தவணை வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது முதலில் செலவழிக்க வேண்டியவர் பயனாளி. கையில் பணமில்லாதவர் என்பதாலேயே தேர்வு செய்யப்பட்ட ஒருவரிடம் முன்பணம் எதிர்பார்க்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், கூலிக் குடும்பத்தின் மாத வரவை அறிந்தவர்களாகத் தெரியவில்லை. வங்கிக்குப் போனால், விற்கவோ அடகு வைக்கவோ தடையுள்ள நிபந்தனைப் பட்டாவை ஈடாக ஏற்க மறுக்கிறார்கள். சம்பளச் சீட்டும் இல்லை. மிஞ்சுவது வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனமும் ஊர்க்காரரின் வட்டியும்தான். நிலவுடைமைச் சாதியினரிடம் வட்டிக்கு வாங்கியவர், கோயில் நுழைவிலோ ஊராட்சித் தேர்தலிலோ நிமிர்ந்து நிற்பது எவ்வளவு கடினம் என்பதைக் களத்தில் இருப்போர் அறிவர். வீட்டுக் கடன் என்பது நம் ஊர்களில் அரசியல் கடனாகவும் இருக்கிறது.

இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். செங்கல் சூளையிலும் சென்ட்டிரிங் பலகையிலும் கம்பி கட்டும் வேலையிலும் சித்தாள் வேலையிலும் இருப்போரில் கணிசமானோர் நம் மக்கள். நகரத்தின் அடுக்ககங்களை எழுப்பிவிட்டு ஊருக்குத் திரும்பித் தம் வீட்டுக்கு மேஸ்திரியைத் தேடுகிறார்கள்.

இரண்டாம் தலைமுறைக்கு மற்றொரு சிக்கல் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் கட்டித் தரப்பட்ட தொகுப்பு வீடுகளில் கம்பி துருத்தி, கூரை பெயர்ந்து விழுகிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் ஊரகக் குடியிருப்புத் திட்டப் பட்டியலுக்கு அடிப்படையான 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், கான்கிரீட் கூரை இருந்தால் அது உறுதியான வீடு. கூரை எந்த நிலையில் இருக்கிறது என்பது கேள்வியே அன்று. 2001க்கு முன் கட்டப்பட்ட வீடுகளை மறுகட்டுமானம் செய்ய மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25,000 வீடுகளை அறிவித்திருப்பது இக்குறையை ஒப்புக்கொள்வதாகும். தேவையோடு ஒப்பிட்டால் சிறு தொடக்கம்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. உத்தரப் பிரதேசத்தில் தலித் குடும்பங்களின் வீடுகளுக்காக நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் தொடுத்த சமேலி சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் அளித்த தீர்ப்பு நமக்கு முக்கியமானது. உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும் ஆகாது. போதிய இடம், பாதுகாப்பான கட்டமைப்பு, ஒளி, காற்று, தண்ணீர், கழிப்பிடம், சாலை ஆகியவை சேர்ந்ததே உறைவிட உரிமை. அது 21ஆம் உறுப்பின் பகுதி என்று நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் இம்மனைகளுக்காக நிலம் எடுக்க உதவும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் உயர் நீதிமன்றத்தில் முடங்கி, பின் மாநிலத்தின் மீட்புச் சட்டத்தால் உயிர்பெற்று, 2021இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டுவிட்டது. எனவே நிலம் எடுக்கச் சட்டத் தடை என்னும் பதிலை அலுவலர்கள் இனிச் சொல்ல இயலாது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் இணைப்பில் இன்னொன்றும் உள்ளது. வன்கொடுமையில் வீடு எரிக்கப்பட்டாலோ அழிக்கப்பட்டாலோ, செங்கல் அல்லது கல் கட்டட வீட்டை அரசே தன் செலவில் கட்டித் தர வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றில், வெளியூர்களில் கூலி வேலை செய்து சிறுகச் சிறுகக் கட்டிய கான்கிரீட் வீடுகளும் இருந்தன. தலித் ஒருவர் நல்ல வீடு கட்டுவதே கண்ணை உறுத்தும் ஊர்களில், விதியில் உள்ள 'அரசின் செலவில்' என்னும் சொல்லுக்குத் திட்ட உதவித்தொகை என்று பொருள் கொள்வது விதியைக் குறுக்குவதாகும். எரிந்த வீட்டுக்கு ஈடான வீட்டின் இன்றைய கட்டுமானச் செலவு என்று வாதிடவே விதியின் வாசகம் இடம் தருகிறது.

கூடுதல் நிதிக்கு வழியும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்திற்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்குவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2024இல் இயற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் விகிதம் மட்டும் 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. உதவித்தொகைக்கும் பொதுப்பணித்துறையின் நடப்பாண்டு விலை விகிதப் பட்டியலின்படியான செலவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த நிதியிலிருந்து வழங்கலாம். அரசு தன் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் திருத்தும் அதே விலைப்பட்டியலைத் தலித் குடும்பத்தின் வீட்டுக்கும் பொருத்தச் சொல்வது மிகையான கோரிக்கை ஆகாது.

இதற்கு ஆதாரம் திரட்டும் பணியில் மாணவர்கள் உடனே இறங்கலாம். ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்டா யார் பெயரில் உள்ளது, கிராமக் கணக்கில் ஏறியுள்ளதா, மனை அளந்து காட்டப்பட்டதா, எந்தத் தவணை எந்தத் தேதியில் வந்தது, இடையில் வாங்கிய கடன் எவ்வளவு, யாரிடம், நிரவலுக்கும் தலைச்சுமைக்கும் ஆன செலவு என்ன என்று வீடு வீடாக எழுதுங்கள். சிமெண்ட், கம்பி வாங்கிய ரசீதுகளைப் படமெடுத்து வையுங்கள். பாதி நின்ற வீடுகளின் எண்ணிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யக் கோருங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள்.