குவியம் தானே நகருமா?

திண்டுக்கல் நகரத்திலும், அதனைச் சூழ்ந்த வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் முதலிய ஊர்களிலும், வருமானச் சான்று வேண்டுவோரும் கல்லூரியிற் சேர விழைவோரும் இந்நாளில் பெரும்பாலும் கணினித் திரையிலேயே விண்ணப்பத்தை நிரப்புகின்றனர். அவ்விண்ணப்பத்திற் கட்டங்கள் பல உளவாயினும், ஒரு சமயத்தில் ஒரு கட்டமே நாம் தட்டும் எழுத்துக்களை ஏற்கும். அந்நிலைக்குக் குவியம் என்று பெயர். ஆங்கிலத்தார் ஃபோகஸ் என்பர். ஒரு கட்டம் குவியம் பெறுங்கால் உலாவி அதனை நிரலுக்கு அறிவிக்கும். இழக்குங்கால் பிளர் என்னும் செய்தியை அறிவிக்கும். இச்செய்திகள் எதிர்பாராத வேளையில் எழுந்து விண்ணப்பத்தைக் கெடுப்பதுண்டு. அதன் காரணத்தை நாடும் முறையை, நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் அறியத்தக்கது, குவியம் தானாக நகர்வதில்லை என்பதாம். அதனை நகர்த்துவோர் மூவர். பயனர், சுட்டியை அழுத்தியோ டாப் விசையைத் தட்டியோ நகர்த்துவார்; உலாவி, சாளரம் மாறுங்கால் நகர்த்தும்; நிரல், தன் கட்டளையால் நகர்த்தும். ஆகவே எதிர்பாராத செய்தி தோன்றின், மூவருள் யார் என்று வினவுதலே முறையாகும்.

ஓர் உதாரணம் காண்போம். வட்டத்தின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் ‘வே’ என்று எழுதியவுடன் கீழே ஒரு பட்டியல் விரிகின்றது. பயனர் வேடசந்தூர் என்பதன்மேல் சுட்டியை அழுத்துகிறார், பட்டியல் மறைகின்றது, பெயரோ கட்டத்தில் ஏறவில்லை. காரணம் யாதெனில், சொடுக்கு என்பது ஒரே நிகழ்ச்சியன்று. முதலில் பொத்தான் அழுந்துகின்றது. அக்கணமே எழுத்துக்கட்டம் குவியத்தை இழக்கின்றது. பின்னர் விரல் எடுபடுகின்றது. அதன் பின்னரே சொடுக்கு நிறைவேறுகின்றது. குவியம் இழந்தவுடன் பட்டியலை மூடுக என்று எழுதியிருப்பின், சொடுக்கு வருமுன் அதற்குரிய இடமே இல்லாதொழியும். சிலர் 200 மில்லி விநாடி தாமதித்து மூடுமாறு செய்து இதனை மறைப்பர். மெல்ல அழுத்தும் முதியவர் கையில் அப்பழுது மீண்டும் தலைகாட்டும். பட்டியலின்மேல் பொத்தான் அழுந்துங்கால் உலாவியின் இயல்பான செயலைத் தடுத்துவிடின், குவியம் கட்டத்தை விட்டு நீங்காது, சொடுக்கும் நிறைவேறும்.

மற்றோர் உதாரணம். விண்ணப்பம் நிரப்புவோர் வேறொரு சாளரத்திற்குச் சென்று, குடும்ப அட்டை எண்ணைப் பார்த்து மீள்கிறார். மீண்டவுடன் உலாவி, முன்னிருந்த கட்டத்திற்கே குவியச் செய்தியை மறுபடியும் அனுப்பும். குவியம் பெற்றவுடன் கட்டத்தை வெறுமையாக்குக என்று நிரலில் எழுதியிருப்பின், அதுவரை எழுதிய முகவரி முழுதும் அழியும். குற்றம் உலாவியினதன்று, குவியம் பெறுதலும் புதிதாக எழுதத் தொடங்குதலும் ஒன்றே எனக் கொண்டதே குற்றம்.

நிற்க. காரணத்தைக் காணும் வழி யாது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூட்டு திறவாவிடின், அதனைச் செய்வோர் பிரித்து உள்ளுறுப்பை நோக்குவர். நாமும் அவ்வாறே உள்ளே நோக்குதல் வேண்டும். குவியச் செய்தி மேல்நோக்கிப் பரவாது. ஆதலின், பரவும் இயல்புடைய ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் என்பவற்றை ஆவணத்தின் மேல்மட்டத்திற் கேட்டு, எக்கட்டம் இழந்தது, எது பெற்றது என்று வரிசையாகப் பதிவு செய்க. நிரலின்மேல் ஐயம் விழின், குவியமளிக்கும் கட்டளை அழைக்கப்படுந்தோறும் அதனை அழைத்தவற்றின் வரிசையை அச்சிடச் செய்க. ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழுதறியும் கருவியைச் சொடுக்கினால் அதுவே குவியத்தைக் கவர்ந்துகொள்ளும். காண வந்த பழுது மறைந்துபோம். பக்கம் குவியத்தில் இருப்பதாகவே பாவிக்கும் வசதி குரோம் உலாவியில் இதன் பொருட்டே உள்ளது.

இஃது அற்பமான காரியம் என்று எண்ணற்க. பார்வையற்ற மாணவர், 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்விடிஏ போன்ற திரைவாசிப்பானைக் கொண்டு, குவியம் உள்ள இடத்தையே செவியாற் கேட்டு எழுதுவர். குவியம் காரணமின்றித் தாவின், தந்தை பெயர் பிறந்த ஊரின் கட்டத்தில் விழும். விண்ணப்பம் தள்ளப்படவுங் கூடும். குவியம் பெற்ற மாத்திரத்தில் பயனர் நிற்கும் சூழல் மாறலாகாது என்று 2008-இல் வெளிவந்த வலை அணுகல் நெறிகள் விதித்தது இது கருதியே. கண்ணுடையார் மறுபடியும் சொடுக்கித் தப்புவர். அவ்வாறு தப்ப இயலாதாரை நினைந்தே நம் நிரல்களைச் சோதித்தல் வேண்டும்.